ஒன்றேகால் கிலோ செம்பு

மோட்டாரை இளைக்க வைப்பதுதான் என் வேலை. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். போர்வெல்லுக்குள் இறங்கும் மோட்டாரில் எங்கே இரும்பு அதிகம், எங்கே செம்பு அதிகம் என்று தேடித் தேடி எடுத்துவிட்டு, அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றிக் காட்ட வேண்டும். ஆபீஸில் என்னை ‘டயட் டாக்டர்’ என்பார்கள். என் உடம்பைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது என்பது எனக்குத் தெரியாமலில்லை.

என் பெயர் சண்முகப்ரியா. அப்பா மாசாணம், கிணத்துக்கடவுக்கு மேற்கே ரங்கராஜ் என்பவருடைய தென்னந்தோப்பில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தார். ‘பார்த்தார்’ என்று முடித்து எழுத வேண்டி வந்ததற்கு நான்தான் காரணம். இதுவரை ஒருத்தர்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன், இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் முதலாளி தம்பிதுரைக்கு எழுபது வயது. லேத்தில் நின்று ஆரம்பித்தவர். அவருடைய மேசையில் கம்ப்யூட்டர் கிடையாது, தராசு உண்டு. புது டிசைன் வந்தால் மாதிரி மோட்டாரைப் பிரித்து, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை உருவி எடுத்து அந்தத் தராசில் வைக்கச் சொல்வார். ஒவ்வொரு சுருளாகத் தொட்டு, “இது எதுக்குங்க அம்மணி?” என்று கேட்பார். காரணம் சொல்ல முடியாத செம்பு மோட்டாருக்குள் இருக்கக் கூடாது. ‘சேஃப்டிக்குங்க’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், “எதுலிருந்து சேஃப்டிங்க?” என்பார். மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார். அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘எதுக்கு மீட்டிங்’.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த மீட்டிங் பிடிக்கும். மற்றவர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் காரணங்களை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். எங்கள் வீட்டில் எதையும் ‘சும்மா இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்ததில்லை. வீணான பொருள் எது என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றைக் கையில் எடுத்தேன். பழைய மாடல் நாற்பத்து நாலு கிலோ. நான் போட்ட முதல் டிசைன் முப்பத்து மூன்று. கம்பி சுற்றும் இடுக்குகளின் வடிவத்தை மாற்றினேன், தகடுகளின் அடுக்கைக் குட்டையாக்கினேன். எங்கேயும் கை வைக்க இடமில்லாத அளவுக்குக் கச்சிதமாக வந்திருந்தது. தம்பிதுரை சுருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

“இந்த ஒண்ணேகால் கிலோ எதுக்குங்க அம்மணி?”

“டூ-பேஸ்ல ஓட்டுவாங்கங்க. அந்தச் சூடு தாங்கறதுக்குங்க.”

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மோட்டார்களுக்கு மூன்று பேஸ், அதாவது மூன்று கம்பிகளிலும் கரண்ட் வர வேண்டும். ஒன்றில் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் நிறுத்த மாட்டார்கள். காற்றுக்குத் தென்னைமட்டை விழுந்து ஒரு பேஸ் போய்விட்டால், அதைச் சரிசெய்ய ஆள் வரும்வரை தண்ணீர் இல்லாமல் பயிர் காத்திருக்குமா? ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்டென்சரை மாட்டி, இருக்கிற இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார்கள். மோட்டார் முனகும், சூடாகும், ஆனால் தண்ணீர் வரும். பழைய மோட்டார்களில் செம்பு தாராளமாக இருந்ததால் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு பத்து வருடம் ஓடின. இது தப்பு என்று எஞ்சினியர்களுக்குத் தெரியும். இப்படித்தான் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா ஓட்டுவதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்.

“டூ-பேஸ்ல ஓட்டக் கூடாதுன்னு நம்ம புஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா, இல்லீங்களா?” என்றார் தம்பிதுரை.

“போட்டிருக்குதுங்க.”

“அப்பறம் நாமளே அதுக்குன்னு செம்பு வெச்சுக் குடுத்தா, ஓட்டுங்க சாமின்னு சொல்ற மாதிரி ஆயிராதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்தச் சுருளைத் தராசிலிருந்து எடுத்துத் தனியாக மேசையின் ஓரத்தில் வைத்தார்.

“முப்பத்தொண்ணுக்குக் கொண்டாந்துட்டீங்கன்னா, இந்த அளவுக்கு இதைவிட லேசான மோட்டாரு யாருகிட்டயும் இருக்காதுங்க. பேட்டன்ட் போட்டுருவோம். உங்க பேரு மொதல்ல இருக்கட்டும்.”

இதற்கு முன் என் டிசைன்கள் இரண்டுக்கு பேட்டன்ட் போட்டிருந்தார்கள். இரண்டிலும் அவர் மகன் தீபக்கின் பெயர் மட்டும்தான் இருந்தது. தீபக் நல்ல பையன், வெளிநாட்டில் படித்தவர். மோட்டாரில் அசையாமல் நிற்கிற ஸ்டேட்டரைத் தொட்டுக் காட்டி இதுதான் சுத்துமா என்று என்னிடம் கேட்டவர். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே சாயங்கால வகுப்பில் பி.ஈ. முடித்தவள். என் பெயர் அந்தக் காகிதத்தில் வர வேண்டும் என்று எனக்கு இருந்த வெறியைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாப்பிடும்போதுகூட அதே நினைப்புதான்.

இரண்டு வாரத்தில் ஒன்றேகால் கிலோ செம்பையும், அதைச் சுமப்பதற்காக இருந்த இரும்பையும் எடுத்துவிட்டேன். முப்பத்தொரு கிலோ. அழகான வேலை, இப்போதும் அதில் சந்தேகமில்லை. தம்பிதுரை தன் பேத்தியின் பெயரை அதற்கு வைத்தார், ரித்திகா-31 என்று. இளைத்த மோட்டாருக்குப் பேத்தி பெயரை வைத்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ என்னவோ.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் தனியாக டெஸ்ட் தொட்டியில் அதை இறக்கி, காந்திபுரத்தில் வாங்கிய சாதாரணக் கண்டென்சர் ஒன்றை மாட்டி, டூ-பேஸில் ஓட்டிப் பார்த்தேன். பழைய முப்பத்து மூன்று கிலோ சாம்பிள் இதே மாதிரி ஆறு மணி நேரம் அசராமல் ஓடியிருந்தது. இது ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிவிட்டது. இன்னும் விட்டிருந்தால் கம்பி மேலிருக்கும் உறை இளகி உள்ளேயே எரிந்திருக்கும். நிறுத்தினேன். எல்லா எண்களையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தம்பிதுரையிடம் போனேன். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை.

“இந்த டெஸ்ட்ட யாருங்க பண்ணச் சொன்னாங்க?”

“நானாத்தானுங்க பண்ணுனேன்.”

“நம்ம டெஸ்ட் லிஸ்ட்ல இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப அது டெஸ்டே இல்லீங்க அம்மணி.” இழுப்பறையைத் திறந்து வேறொரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். “பேட்டன்ட் பேப்பரு புதன்கெழம போகுது. உங்க பேரு எழுத்துச் சரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துப்போடுங்க.”

பார்த்தேன். எழுத்துச் சரியாக இருந்தது. அப்பா பெயரும் முன்னால் இருந்தது, எம். சண்முகப்ரியா என்று. என் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அதைக் கிழிக்கச் சொல்லவில்லை, மறைக்கச் சொல்லவில்லை. முதலாளி மிரட்டினார், அதனால் பணிந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்ந்து பாத்தி கட்ட முடியாமல் போன பிறகு ரங்கராஜ் அவரிடம் மோட்டார் அறையை ஒப்படைத்திருந்தார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எந்த வால்வைத் திறப்பது, எல்லாம் அப்பா பொறுப்பு. வாழ்நாள் முழுக்க ஒருத்தர் சொன்னதைச் செய்துகொண்டிருந்த மனிதருக்கு முதல்முறையாக அவரே முடிவெடுக்கிற ஒரு வேலை. மோட்டார் அறையை ஒட்டியிருந்த சின்னச் சாளை வீட்டிலேயே குடியிருந்தார். அம்மா செத்துப்போன பிறகு என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “அங்க வந்து எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும் கண்ணு?” என்பார்.

ரங்கராஜ் தோட்டத்துப் பழைய மோட்டார் பதினோரு வருடம் ஓடி ஓய்ந்தபோது, அப்பா அவரிடம் போய், “எம்பட புள்ள செஞ்ச மோட்டாரு வந்திருக்குதுங்க, அதையே போட்டுப்போடலாமுங்க” என்று சொல்லியிருக்கிறார். ரங்கராஜும் விசாரித்து வாங்கிவிட்டார். மோட்டாரை இறக்கிய அன்று அப்பா எனக்குப் போன் செய்தார். குரலில் அவ்வளவு குஷி.

“ரெண்டே ஆளுல எறக்கிப்போட்டோம் கண்ணு. பழசுக்கு நாலு பேரு வேணும். முதலாளிகிட்டச் சொன்னேன், இதை யோசிச்சது எம்புள்ளைங்கன்னு. தண்ணி அதே அளவு வருது.”

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘அப்பா, இதுல கண்டென்சர் போட்றாதீங்க.’ சொன்னால் ஏன் என்று கேட்பார். அவ்வளவு பெருமையாகப் பேசுகிறவரிடம் என் மோட்டார் தாங்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரி ஓட்டுங்ப்பா” என்றேன். புத்தகம் ரங்கராஜ் வீட்டு அலமாரியில் இருந்தது. கையில் இருந்திருந்தாலும் அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

போன கோடையில் எரிய ஆரம்பித்தன. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஏழு, பொள்ளாச்சி ரோட்டில் பத்து. எல்லாம் ரித்திகா-31. தம்பிதுரை பதறவில்லை.

“எல்லாமே டூ-பேஸ் கேசுங்க. ரிஃபத்துகூட நீங்களும் போய்ட்டு வாங்க அம்மணி. டிசைன் பண்ணுனவங்களே வந்து சொன்னா எதிர்ப்பேச்சு இருக்காதுங்க.”

ரிஃபத் எங்கள் சர்வீஸ் எஞ்சினியர். கையில் ஒரு படிவம் இருக்கும். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, ‘தயாரிப்புக் குறை’ அல்லது ‘தவறான பயன்பாடு’ என்ற இரண்டு கட்டத்தில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். முதலாவது என்றால் கம்பெனி புது மோட்டார் தரும். இரண்டாவது என்றால் தராது. கோபியில் ஏழு தோட்டங்களிலும் கண்டென்சர் இருந்தது. ஏழு படிவத்திலும் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தோம். வாழைக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு பெரியவர், “எல்லா மோட்டாரும் இப்படித்தானுங்க ஓட்டுனோம், ஒண்ணும் ஆவலீங்களே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன்.

அடுத்த வாரப் பட்டியலில் ரங்கராஜ் பெயர் இருந்தது. அப்பா எனக்குச் சொல்லவே இல்லை. ரிஃபத் தயங்கிக்கொண்டே வந்தான்.

“மேடம், இது உங்க அப்பா இருக்கற தோட்டமில்லீங்களா? நான் மட்டும் போய்ட்டு வந்தர்றேனுங்க.”

“இல்ல, நானும் வாரேன்” என்றேன். அப்பாவுக்கு அனுசரணையாக ஏதாவது செய்யலாம் என்றுதான் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ரிஃபத் இளகிய மனசுக்காரன். நான் இல்லாத இடத்தில் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிடுவானோ என்று பயந்தேன். ஒரே ஒரு மோட்டாரில் ‘தயாரிப்புக் குறை’ என்று விழுந்தால் மற்ற பதினாறு பேரும் கேட்பார்கள், பிறகு டிசைனைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

கிணத்துக்கடவில் அன்றைக்குக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மோட்டாரை வெளியே எடுத்துக் களத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம், போன வருடம் நட்ட தென்னம்பிள்ளைகள் வரிசை வரிசையாகக் காய்ந்து நின்றன. பதினெட்டு நாளாகத் தண்ணீர் இல்லை. ரங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா மோட்டார் அறைக் கதவோரம் நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம்.

ரிஃபத் மோட்டாரைப் பிரித்தான். ஒரு பக்கத்துச் சுருள் மட்டும் கருகி ஒட்டிப்போயிருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிடும், டூ-பேஸ்தான்.

“கண்டென்சர் போட்டு ஓட்டுனீங்களாங்க?” என்றான் ரங்கராஜிடம்.

“நம்ம தோட்டத்துல அந்த வேலையே கெடையாதுங்க தம்பி. வேணும்னா உள்ள போய்ப் பாருங்க.”

உள்ளே போய்ப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் இரண்டு ஆணித் துளைகளும், நீள்சதுரமாகத் தூசி படியாத இடமும் மட்டும் இருந்தன. கண்டென்சரைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டார்கள். எல்லோரும் செய்வதுதான். கண்டென்சர் கண்ணில் படாவிட்டால் நாங்கள் எதையும் நிரூபிக்க முடியாது. ரிஃபத் என்னைப் பார்த்தான். கட்டத்தில் எதை டிக் அடிப்பது என்று கேட்கிற பார்வை.

“அப்ப மோட்டாருல தானுங்க குறை” என்றார் ரங்கராஜ். “டிசைனே செரியில்லீன்னு பேசிக்கறாங்க. பதினேழு மோட்டாரு எரிஞ்சிருக்குதாமா?”

‘டிசைன்’ என்ற வார்த்தையைக் கேட்டு அப்பா நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலைக்குப் போய், உரச் சாக்கு இரண்டை நகர்த்தி, அடியிலிருந்து கண்டென்சரை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்.

“போட்டு ஓட்டுனேனுங்க. ரெண்டு நாளு, உட்டு உட்டு. மட்டை உளுந்து ஒரு பேசு போயிருச்சுங்க. பிள்ளைக காயுதேன்னு ஓட்டிப்போட்டேனுங்க. மோட்டாருல ஒரு குறையும் இல்லீங்க.”

என்னிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுவே முதல்முறை. மற்றவர்கள் முன்னால் நான் கம்பெனி ஆள் அல்லவா.

ரங்கராஜின் முகம் கறுத்தது. “நான் சொன்னனா மாசாணா, கண்டென்சரப் போட்டு உடுன்னு?”

சொல்லியிருக்கிறார். போனில் சொல்லியிருக்கிறார் என்று அப்பா பிறகு என்னிடம் வாய்தவறிச் சொன்னார். அப்போது சொல்லவில்லை.

“இல்லீங்க. நானாத்தாம் போட்டேனுங்க.”

அவர் எதற்காக அதைச் செய்தார் என்று எனக்கு உடனே புரிந்தது. கண்டென்சர் இல்லை என்றால் பழி மோட்டார் மேல் விழும். மோட்டார் மேல் விழுந்தால் மகள் மேல் விழும். அதற்குப் பதில் தன் மேல் விழட்டும் என்று முடிவு செய்துவிட்டார். அதில் எனக்கு நடுக்கம் தந்தது இன்னொன்று. மோட்டாரில் குறையில்லை என்றபோது அவர் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. தான்தான் எரித்தோம் என்று மனதார நம்பினார்.

ரிஃபத் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “மேடம், ரெண்டு கட்டத்துலயும் போட வேண்டாமுங்க. ‘மேல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது’ன்னு எழுதிக்கலாமுங்க. அப்பா பேரு வராது.”

நல்ல யோசனைதான். ஆனால் மேல் ஆய்வு என்றால் மோட்டாரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் என்ற கணக்கு வெளியே வரும். படிவத்தை அவன் கையிலிருந்து வாங்கினேன். தவறான பயன்பாடு, டிக். கீழே ‘ஓட்டியவர் பெயர்’ என்று ஒரு இடம் இருந்தது. மாசாணம் என்று எழுதினேன். அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நின்றிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

ரங்கராஜ் படிவத்தின் நகலை வாங்கிப் படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “உம்புள்ள கம்பெனியக் காப்பாத்திட்ட, செரி. என்ற பிள்ளைகள யாரு காப்பாத்துவா?” என்று காய்ந்த தென்னம்பிள்ளைகளைக் காட்டினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் ரங்கராஜ் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லை, அவ்வளவு இதமான பேச்சு. “அப்பாவுக்கு வயசாயிருச்சுங்க அம்மணி. கையி தவறுது. இனி நீங்க கூட்டிப்போய் வெச்சுக்கறதுதானுங்க மொறை. நாளைக்கே வந்தாலும் செரிங்க.” முப்பத்து நாலு வருடத்துக்கு அது போதும் போலிருக்கிறது. அப்பா இரண்டு பைகளோடு என் வாடகை வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் துணி. இன்னொன்றில் டார்ச் லைட்டும் டெஸ்டரும் ஸ்பேனர்களும்.

இங்கே வந்த பிறகு அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. காலையில் அப்பார்ட்மென்ட் மோட்டார் போடுகிற நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய் நிற்பார். அது ஆட்டோமேட்டிக், தானே ஓடித் தானே நிற்கும். வாட்ச்மேனிடம் தன் மகள் மோட்டார் டிசைன் பண்ணுகிறவள் என்று சொல்வார். மறுநாளும் அதையே சொல்வார். மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். முன்பெல்லாம் போனில் நிறுத்தாமல் பேசுவார், இப்போது ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு குறைந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்து தம்பிதுரை என்னைக் கூப்பிட்டார். மேசையில் தராசு காலியாக இருந்தது.

“அந்த மொத சாம்பிளு இருந்துதுல்லீங்க, முப்பத்து மூணு கிலோ? அதையே மறுபடி கையில எடுத்துருங்க அம்மணி.”

“எதுக்குங்க?” என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டது அதுதான் முதல்முறை. அவர் ரசித்துச் சிரித்தார்.

“டூ-பேஸு தாங்கும்னு போட்டா நல்லா விக்குமுங்க. விவசாயிக எப்படி ஓட்டுவாங்கன்னு நமக்குத் தெரியாதுங்களா? இதுக்கும் உங்க பேருதான் மொதல்ல.”

ரித்திகா-33 வந்தது. டூ-பேஸ் டெஸ்ட் இப்போது எங்கள் டெஸ்ட் லிஸ்ட்டில் மூன்றாவதாக இருக்கிறது. விளம்பரத் தாளில் ‘ஆறு மணி நேரம்’ என்று போட்டிருக்கிற எண் என்னுடைய பழைய சாம்பிளில் நான் எடுத்தது. பதினேழு பேருடைய படிவத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. திருத்தினால் எல்லோருக்கும் மோட்டார் தர வேண்டும். நானும் திருத்தச் சொல்லவில்லை. ரித்திகா பேட்டன்ட் இரண்டிலும் என் பெயர் முதலில் இருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள், மாட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போய்விட்டு வழக்கத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

“கண்ணு, உங்க கம்பெனி போர்டு பாத்தேன். பஸ் ஸ்டாப்புல பெருசா வெச்சிருக்காங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ரெண்டு பேசுல ஓட்டுனாலும் எரியாதாமா?”

“ஆமாங்ப்பா.”

“நீ செஞ்சதா?”

“ஆமாங்ப்பா.”

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எரிச்சுப்போட்டதப் பாத்துத்தான் கண்ணு உனக்கு இந்த ரோசனை வந்திருக்கோணும். இல்லீனா உனக்கெங்க நெனப்பிருக்கும், தோட்டத்துல எங்களாட்டம் ஆளுக இப்படியெல்லாம் ஓட்டுவாங்கன்னு. நீ ஆபீசுல உக்காந்திருக்கறவ.”

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

“ஒண்ணு சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன், வாயே வரல. அன்னிக்கு அத்தன பேரு முன்னால உம்பட மோட்டார எரிச்சு வெச்சு, உன்னயத் தல குனிய வெச்சுப்போட்டேன். தோட்டம் போனதப் பத்தி எனக்கொண்ணுமில்ல. உன்ற பேரக் கெடுத்துப்போட்டனேன்னுதான் தூக்கம் வரமாட்டேங்குது. மன்னிச்சுக்க கண்ணு.”

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கேட்க ரங்கராஜ் இல்லை, தம்பிதுரை இல்லை, ரிஃபத்தும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த மனிதர் பல மாதமாகத் தூக்கிக்கொண்டு அலைகிற பாரம் இறங்கிவிடும். அது இறங்கினால் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வையும் போய்விடும் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“பரவால்லீங்ப்பா” என்றேன். “விடுங்க. தெரியாம செஞ்சதுதானுங்களே.”

அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு, கை கழுவப் போனார். அன்றைக்கு மத்தியானம் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.